ஐம்பத்தைந்துக்குப் பின் ஒரு கூரை

1952-க்கு முன்பு மலேசியாவின் ஜொகூரில், பாலோ வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவருக்கு வயதாகிக் கை தளர்ந்துவிட்டால், அவருக்கென்று இருந்த ஏற்பாடு கப்பல் டிக்கெட்தான். சேமநிதி கிடையாது, பென்ஷன் கிடையாது. 1907-இல் சட்டம் போட்டு உண்டாக்கிய குடியேற்ற நிதி என்று ஒன்று இருந்தது. எத்தனை ஆள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குப்படி தோட்டத்துக்காரர்கள் அதில் பணம் கட்டவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவு அதிலிருந்து போனது. உழைக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே போனது.

ஜொகூரை ஊடுருவும் ரயில் பாதை 1909-இல் முடிந்துவிட்டதால் பாலோவிலேயே ரயில் ஏறலாம். தெற்கே போனால் சிங்கப்பூர், வடக்கே போனால் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம். அங்கிருந்து 'ரஜுலா' போன்ற கப்பலில் மேல்தளத்துப் பயணியாக நாகப்பட்டினம், இல்லையென்றால் மதராஸ். உழைக்கும் வயது இங்கே, உட்காரும் வயது அங்கே என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. 1930-க்கு மேல் ரப்பர் விலை சரிந்தபோது முதியவர்கள் மட்டுமல்ல, திடகாத்திரமாக இருந்தவர்களும் லட்சத்துக்கு மேல் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நான் பாலோவுக்கும் சாமெக்குக்கும் இடையில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா பால்வெட்டு, அப்பா வெளிக்காட்டு வேலை. ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, கிராணியாகவே ஓய்வு பெற்றேன். பெரட்டு என்னும் காலை ஆளெடுப்புக் கணக்கு, சம்பளப் பட்டியல், சேமநிதிப் பாரம், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புப் பாரம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஐம்பத்தைந்து வயதை எட்டியவர்கள் ஒவ்வொருவராக அந்த மேசைக்கு எதிரே வந்து நின்றார்கள். அவர்கள் எதைத் திட்டமிட்டார்கள், எதைத் திட்டமிட முடியாமல் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓய்வுக்காலத் திட்டம் என்றவுடன் இன்று எல்லோரும் பணத்தைப் பேசுகிறார்கள். எங்கள் வட்டாரத்து வரலாறு முழுவதும் வீட்டைப் பற்றியது. கையில் பணம் இருந்தும் தலைக்கு மேலே கூரையும் காலையில் எழுந்தால் செய்ய ஒரு வேலையும் இல்லாதவர்கள் சீக்கிரம் உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

கப்பல் ஏற்பாட்டுக்கு எல்லோரும் இணங்கிவிடவில்லை. என் பாட்டிக்கும் ஒருமுறை டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொன்னார்களாம். "அங்க போயி நான் யாரு வாசல்ல உக்காருறது?" என்று கேட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல் பெரட்டுக்குப் போய்விட்டார். ஊரில் அவருக்கு நிலம் இல்லை. விட்டுவிட்டு வந்த தெருவின் சாதிக் கொடுமை அவருக்கு மறக்கவில்லை. இங்கே பிள்ளைகள் இருந்தார்கள், புதைத்த கணவர் இருந்தார். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது, இங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே வயதாகப் போகிறவர்கள் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த முதுமைக்கு எந்தத் தோட்டக் கணக்கிலும் பத்தி போட்டிருக்கவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்து முதியவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கவேண்டும் என்றது. கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. இது எல்லாத் தோட்டத்திலும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்த இடத்தில் அது முதியவர்களின் உயிர்நாடியாக இருந்தது. முருங்கை, வாழை, கத்தரி, வெற்றிலைக் கொடி, ஒரு மாட்டுக் கொட்டகை. இதுதான் அன்றைய ஓய்வூதியம்.

எங்கள் லயத்தில் மாட்டுக்காரத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். அவரை நான் சிறுவயதில் கிட்டத்தில் இருந்து பார்த்தவன். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் கொட்டகையில் விளக்கு எரியும். கன்றை அவிழ்த்துவிட்டு, மடியைக் கழுவி, வாளியைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு கறப்பார். கழுவிய பீர் பாட்டில்களில் ஊற்றி, வாழையிலையைச் சுருட்டி வாயை அடைப்பார். சைக்கிளின் இரண்டு பக்கமும் சாக்குப் பை. கிராணிமார் வீடுகளுக்குப் போட்டுவிட்டு, மீதியைப் பாலோ டவுன் கடைகளுக்குக் கொண்டுபோவார். பால் வெட்டிய காலத்தில் இந்த வேலையை அவர் மனைவி செய்தார். அவர் வெட்டு முடித்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோரில் எடை போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் புல் அறுக்கப் போவார். வெட்டை நிறுத்திய பிறகு காலை வேலையும் அவர் கைக்கு வந்தது, அவ்வளவுதான். ஒரு நாள்கூட அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எந்த மாடு சினை, எந்தக் கன்றுக்குக் கழிச்சல், யார் வீட்டுப் பால் கடன் பாக்கி என்று அவர் மனம் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் யாருக்கு நாட்டு மருந்து வேண்டுமானாலும் அவரிடம்தான் ஓடுவார்கள்.

பெண்களுக்கு ஆயாக் கொட்டகை. தாய்மார் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டுவதும், கஞ்சி ஊட்டுவதும், மூக்கைத் துடைத்துவிடுவதும் வயதான பெண்களின் பொறுப்பு. அதற்குச் சம்பளம் குறைவு. ஆனால் தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கை தெரியும். பிள்ளைப்பேறு பார்த்தவர்கள், மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடித்தவர்கள், இரவில் ஸ்டோரைக் காத்தவர்கள், திருவிழாவுக்குப் பூக்குழி எடுக்கக் கட்டை அடுக்கியவர்கள் எல்லோரும் பெரட்டிலிருந்து பேர் எடுபட்ட பெரியவர்களே. இதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மருந்துக்குக் காசில்லாமல் செத்தவர்கள் அந்த லயங்களில்தான் இருந்தார்கள். ஆனால் வேலை நின்ற மறுநாள் என்ன செய்வது என்ற திகைப்பு அவர்களுக்கு இருந்ததில்லை.

1948-இல் தொடங்கி 1960 வரை நீண்ட அவசரகாலம் இதில் பாதியை உடைத்துப்போட்டது. பாலோ சுற்றுவட்டாரம் கம்யூனிஸ்டுகள் நடமாட்டம் அதிகம் இருந்த பகுதி. காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து புதுக்கிராமத்தில் வைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்கம்பி அடைத்தார்கள். காட்டுக்குச் சாப்பாடு போய்விடும் என்று அரிசிக்குப் பங்கீடு வந்தது. வேலிக்கு அப்பால் இருந்த மரவள்ளித் தோட்டங்கள் கைவிடப்பட்டன. முதியவர்களிடமிருந்து அந்த 2,700 சதுர அடியைப் பிடுங்கியதில் இந்த வேலிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். போருக்குப் போனவர்களைப் பற்றி எழுதுகிறோம், கத்தரிப் பாத்தி போனதை யாரும் எழுதுவதில்லை.

அதே 1948-இல் வந்ததுதான் அடையாளக் கார்டு. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு வயதைக் குத்துமதிப்பாகப் போட்டார்கள். ஆளைப் பார்த்து, பிள்ளைகளை எண்ணி ஒரு வருடத்தை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அன்று அது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. ஆனால் பிறகு சேமநிதி வந்து, பணம் எடுக்கும் வயது 55 என்றானபோது, அந்த அதிகாரி நின்ற நிலையில் எழுதிய வருடம் ஒருவரின் தலையெழுத்தாகிவிட்டது. "தம்பி, எனக்கு எத்தன வயசுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்" என்று கார்டை நீட்டியவர்கள் எத்தனையோ பேர். ஜப்பான்காரன் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பார் ஒருவர். சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை, அதனால்தான் தப்பினேன் என்பார் இன்னொருவர். கார்டு வேறு சொல்லும். நிஜத்தில் அறுபதைத் தாண்டியவர் கார்டுப்படி ஐம்பத்தொன்றாக இருந்து, இன்னும் நான்கு வருடம் வாளி தூக்கியிருக்கிறார். இன்னும் தெம்பாக இருந்தவர் கார்டுப்படி கணக்கு முடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஊழியர் சேமநிதி 1951 அக்டோபரில் உருவானது. அடுத்த ஆண்டு சந்தா பிடிக்கத் தொடங்கினார்கள். தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. உலகத்தில் இப்படிப்பட்ட நிதிகளில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று என்பதில் இந்த நாடு பெருமைப்படலாம். விகிதம் படிப்படியாக ஏறி இன்று தொழிலாளிக்கு 11, முதலாளிக்கு 12 அல்லது 13 என்று நிற்கிறது. ஆனால் தோட்டத்தில் நாள்சம்பளம். ரப்பர் விலையோடு அது ஏறி இறங்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. சின்னத் தொகையில் 5 விழுக்காடு என்பது சின்னத் தொகையிலும் சின்னது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்து, பி.பி. நாராயணன் போன்றவர்கள் கூலிக்காகப் பேச்சுவார்த்தை நடத்திய பிறகும், மாதச் சம்பளம் என்ற உறுதி கிடைக்க 2001 வரை காத்திருக்கவேண்டி வந்தது. அதுவும் சொற்பத் தொகைதான்.

பாரம் நிரப்பும் நாள் என் மேசைக்கு ஒரு விசேஷ நாள்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியை நகர்த்துவேன். பல பேரின் கட்டைவிரலில் ரேகையே இருக்காது. உளி பிடித்துப் பிடித்து, ஒட்டுப்பாலை உரித்து உரித்து, பாலை உறையவைக்கும் திராவகம் பட்டுப் பட்டு, விரல்நுனி பளிங்கு மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். ஒத்தினால் காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் விழும். விரலைத் துடைத்து, கொஞ்சம் காயவைத்து, பக்கவாட்டில் உருட்டிப் பார்ப்போம். இடது கை, பிறகு வேறு விரல். ஒரு ஆயுள் முழுக்க உழைத்ததற்கு அடையாளமே அந்த விரல்தான், அந்த விரலையே அடையாளமாக ஏற்கவில்லை என்று பாரம் திரும்பி வரும்போது எனக்கு வயிறு எரியும். பெயர் இன்னொரு சிக்கல். கார்டில் ஒரு எழுத்து, சேமநிதியில் ஒரு எழுத்து, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது எழுத்து. மூவரும் ஒருவரே என்று பக்கத்து டவுனான குளுவாங்கில் சத்தியப் பத்திரம் எழுதி வாங்கவேண்டும். அந்த வேலைக்குப் போகும் பெரியவர்கள் திரும்பும்போது ரயில் நிலையக் காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். 1938-லிருந்து இருக்கும் கடை. பலருக்கு அது வாழ்நாளில் தங்களுக்காக மட்டும் செலவு செய்த முதல் ஒரு வெள்ளி.

பணம் வந்ததும் எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். மகள் கல்யாணம், மகனுக்கு மோட்டார் சைக்கிள், அடகில் இருந்த சங்கிலி, கடைக்காரர் பாக்கி, கோயிலுக்கு ஒரு மணி, தாய்நாட்டுக்கு ஒரு பயணம். இதை ஊதாரித்தனம் என்று சொல்லும் அறிவுரையாளர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. முப்பது வருடம் தள்ளிப்போட்ட கடமைகள் ஒரே நாளில் வந்து வரிசையில் நிற்கும்போது ஒரு மனிதர் வேறென்ன செய்வார்? தப்பு நடந்தது அந்த இடத்தில் இல்லை.

தப்பு வீட்டில் நடந்தது. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரை வாடகை இல்லை, வேலை போனால் வீடும் இல்லை. கணக்கு முடித்த கடுதாசியோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடுதாசியும் வரும். அதை டைப் அடித்து, மடித்து, கவரில் போட்டு அந்த மனிதரிடம் நீட்டவேண்டியவன் நான். தான் பிறந்த வீட்டை, பிள்ளை பெற்ற வீட்டை, பின்னால் தான் நட்ட தென்னை காய்க்கும் வீட்டை அவர் விட்டுப் போகவேண்டும். இதற்குத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. பிள்ளைகளில் ஒருவரைத் தோட்டத்திலேயே பேர் பதிய வைப்பது. அப்போது வீடு அந்தப் பிள்ளையின் பேருக்கு மாறும், அப்பா அம்மா அங்கேயே இருக்கலாம்.

இந்த வழிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை யோசித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆறாம் வகுப்போடு, மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி வெட்டுக்குப் போன பிள்ளைகள் கொடுத்தார்கள். என்னோடு தோட்டப் பள்ளியில் படித்தவர்களில் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து ஆனபோது அண்ணன்மார் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். வீட்டைக் காப்பாற்ற அவள் உளியைக் கையில் எடுத்தாள். தமிழ்ப் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்று மேடையில் கேட்பவர்கள், ஒரு தலைமுறையின் ஓய்வுக்காலத்தை அடுத்த தலைமுறையின் பள்ளிக்கூடம் சுமந்த இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

வீடும் நிலமும்தான் பிரச்சினை என்பதை மேலிடத்தில் புரிந்துகொண்டவர் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடலில் வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுக்கலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. எங்கள் அப்பாவும் கட்டினார். வாரச் சந்தையில் மீன் வாங்காமல் கருவாட்டோடு நிறுத்திக்கொண்டு கட்டிய பத்து வெள்ளி அது. நாட்டில் தொழிலாளி தன் பேரில் நிலம் என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த முதல் காகிதம் என்று அதை அவர் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அந்தச் சங்கம் இன்றும் நிற்கிறது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அதனால் வாங்க முடியவில்லை, பாலோவில் லயத்தில் இருந்தவருக்குத் தலைக்கு மேலே கூரையை அது தரவும் இல்லை.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பழைய கப்பல் ஏற்பாடு வேறு உருவில் திரும்பி வந்தது. அதில் சிக்கியவர்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்கள், பாரம் நிரப்பத் தெரியாதவர்கள், நிரப்பவேண்டும் என்று யாரும் சொல்லாதவர்கள். நாடு முழுவதும் சுமார் 60,000 தோட்டத் தமிழர்கள் சேமநிதியை எடுத்துக்கொண்டு இந்தியா போனார்கள் என்று சொல்வார்கள். என் அப்பாவின் கூட்டாளிகள் சிலர் அப்படிப் பாலோ ஸ்டேஷனில் ஏறியவர்கள். அங்கே போனவர்கள் எழுதிய கடிதங்களை அப்பா எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒன்றிலும் மகிழ்ச்சி இல்லை.

பிறகு செம்பனை வந்தது. பாலோவைச் சுற்றி கெக்காயான், லண்டாக் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று செம்பனைதான். இந்த மாற்றம் முதுமையை எப்படிப் பாதித்தது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கித்தா, அதாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது பலத்தால் செய்யும் வேலை அல்ல, பக்குவத்தால் செய்யும் வேலை. ஐம்பது வயதுப் பெண்ணின் வெட்டு இருபது வயதுப் பையனின் வெட்டைவிடச் சுத்தமாக இருக்கும், மரத்துக்குக் காயம் இருக்காது. செம்பனையில் உயர்ந்த மரத்துக்கு நீளக் குழாயில் அரிவாள் கட்டி, இருபது கிலோவுக்கு மேல் உள்ள குலையை வெட்டித் தள்ளி, தள்ளுவண்டியில் ஏற்றவேண்டும். அதில் வயதானவர்களுக்கு மிஞ்சியது உதிரிப் பழம் பொறுக்கும் வேலை மட்டும். கன்றுச் செம்பனையை மேய்ந்துவிடும் என்று பல இடங்களில் மாடுகளையும் வெளியேற்றச் சொன்னார்கள். மாட்டுக்காரத் தாத்தா கடைசிப் பசுவை விற்ற பிறகு ஆறு மாதம்கூட இருக்கவில்லை. வைத்தியர் என்ன காரணம் எழுதினாரோ, எங்கள் லயத்தில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் தாங்களே வழி கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதக் கூட்டு என்பது தோட்டத்தில் பழைய பழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு இவ்வளவு போட்டு, மாதம் ஒருவர் எடுப்பார்கள். 80-களில் பாலோ பக்கம் மலிவு விலைத் தாமான் (குடியிருப்பு) வீடுகள் வந்தபோது, எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலர் அந்தக் கூட்டுப் பணத்தை நகைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்கு முன்பணமாக்கினார்கள். சேமநிதியில் வீட்டுக்கென்று எடுக்கும் வழியும் இருந்தது. அந்தப் பாரத்தை நிரப்பச் சொல்லி முதலில் வந்தவர் ஒரு பால்வெட்டுக்காரப் பெண், அவர் கணவர் லாரி டிரைவர். "வேல இருக்கறப்பவே வீடு எதுக்குன்னு கேக்காத தம்பி. வேல இல்லாதப்ப எந்த பேங்கு எனக்குக் குடுக்கும்?" என்றார். வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டு, வாடகையில் கடனைக் கட்டி, தாங்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஐம்பத்தைந்து வந்தது. காலி செய்யும் கடுதாசியை நான் கொடுத்தபோது அந்த அம்மா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

தாமான் வீட்டின் முன்புறம் கார் நிறுத்தும் இடத்தில் அவர் முருங்கையும் வெற்றிலையும் வைத்தார். காலையில் இட்லி அவித்து விற்றார். அவர் கணவர் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வேனில் ஏற்றிப் போய்வந்தார். அந்த இருவரைவிட அதிகப் பணத்தோடு ஓய்வு பெற்ற ஒரு தண்டல், அதாவது வேலை மேற்பார்வையாளர், இருந்தார். மூன்று பிள்ளைகள், மூவரும் ஜொகூர் பாருவில் அடுக்குமாடியில். நான்கு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே என்று துணிப்பையோடு மாறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குறை வைக்கவில்லை. ஆனால் நூறு பேரைப் பெயர் சொல்லி அழைத்து வேலைக்கு அனுப்பிய மனிதர், பகல் முழுக்கப் பூட்டிய வீட்டுக்குள் தொலைக்காட்சியோடு இருந்தார். பாலோவுக்கு வரும்போதெல்லாம் கோயில் மண்டபத்தை விட்டு அசையமாட்டார். பிறகு கோயில் நிர்வாகம் அவருக்குப் பின்புறம் ஒரு அறையைக் கொடுத்தது. பூக்கட்டுவது, கூட்டுவது, திருவிழாவுக்கு ஆள் பிரித்து வேலை சொல்வது என்று அவர் முகம் தெளிந்ததை ஊரே பார்த்தது.

2013 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 60. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. என் காலத்து வெட்டுக்காரர்களுக்கு இது கனவு. ஆனால் கொரோனா காலத்தில் 2020-லிருந்து 2022-க்குள் நான்கு தவணை அனுமதிகளில் உறுப்பினர்கள் சேமநிதியிலிருந்து 14,500 கோடி வெள்ளி எடுத்தார்கள். அப்போது வேறு வழி இல்லாமல் எடுத்தவர்கள் எங்கள் தாமானிலும் உண்டு. நாற்பது வயதில் கணக்கு ஏறக்குறையக் காலியாக இருப்பவர்கள் அவர்கள். 2024 மே மாதத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கும் வந்துவிட்டது. அதில் சந்தாவின் 10 விழுக்காடு போகிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள் வேறு ஒரு கூட்டம். பாலோ இளைஞர்களில் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு அங்குள்ள மத்திய சேமநிதி கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இங்கேயும் முதலாளி இல்லாததால் யாரும் அவர்களுக்காகச் சந்தா கட்டுவதில்லை. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் வருகிறது, கை நிறைய இருக்கிறது, ஆனால் இரண்டு நாட்டிலும் முதுமைக் கணக்கில் அவர்கள் பேர் இல்லை. உழைக்கும் வயது அங்கே, உட்காரும் வயது இங்கே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். பழைய கிராணி என்று தெரிந்து வருகிறார்கள். சொந்தமாகச் சேமநிதிக்குக் கட்டலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கடை வைத்திருப்பவர், வண்டி ஓட்டுபவர், வீட்டில் தையல் தைப்பவர் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்து கட்டினால் அரசாங்கம் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை தன் பங்காகச் சேர்க்கிறது. வாரிசு நியமனம் செய்யாதவர்கள் பாதிப் பேர். அந்தப் பாரத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்து, குளுவாங்குக்கு எந்தப் பஸ் என்று சொல்லி அனுப்புகிறேன். சிங்கப்பூரிலிருந்து வாரக் கடைசிக்கு வரும் பையன்களிடம் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி அல்ல.

"வீடு யாரு பேர்ல இருக்கு ஐயா?"

"அம்மா இருக்கறது வாடகை வீடுதான் அங்கிள்."

"சரி, உக்காரு" என்று சொல்லிக் காகிதத்தை எடுத்து, இப்போது என்ன சம்பளம், மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும், பாலோவில் இன்று ஒரு பழைய தாமான் வீடு என்ன விலைக்குப் போகிறது என்று எழுதத் தொடங்குகிறோம்.